மழையில் தொடங்கிய படம்

நண்பகல் வெயிலில் சிராங்கூன் சாலையிலிருந்து ஓடிவந்து, திரையரங்கின் வாசலில் தொங்கும் கனத்த திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால், முதலில் கண் போய்விடும். மூக்கு மட்டுமே மிஞ்சும். சிகரெட் புகை ஏறிய துணியின் வாடை, யாரோ பிரித்து வைத்திருக்கும் "கச்சாங் பூத்தே" பொட்டலத்து வறுகடலையின் வாசம், குளிர்சாதனத்தின் ஈர நெடி. பிறகு காது விழித்துக்கொள்ளும். முகம் தெரியாத ஒருத்தி இருட்டுக்குள் அழுதுகொண்டிருப்பாள், அல்லது முகம் தெரியாத ஒருவன் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று யாரிடமோ சபதம் செய்துகொண்டிருப்பான். கண் தெளிவதற்குள் ஒரு வட்ட வெளிச்சம் எங்கள் காலடியில் வந்து விழும். டார்ச் விளக்கைப் பிடித்திருக்கும் மலாய்க்காரப் பெரியவர், நாங்கள் "பாச்சிக்" என்று கூப்பிட்டவர், இடத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டே, "டா மூலா, டா மூலா" என்பார். படம் தொடங்கிவிட்டது என்று பொருள். அது எங்களுக்குத் தெரியாதா என்ன. எழுபதுகளில், என் பள்ளிப் பருவத்தில், நாங்கள் போன எந்தப் படமும் எங்களுக்காகக் காத்திருந்ததில்லை.

குற்றவாளி அப்பாதான். அவர் ஜூரோங்கில் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் வெல்டர். வாரம் முழுவதும் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப் போய் இருட்டியபின் வருகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிழமை. காலையில் தமிழ்ப் பூசை, மதியம் தமிழ்ப் படம். பூசை முடிந்ததும் மற்றவர்கள் அவரவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு விரைவார்கள். அப்பா மட்டும் கோவிலை விட்டு நகர மாட்டார். மெழுகுவர்த்திகளை அணைப்பார், ஃபாதரின் பூசை உடைகளை மடித்து வைப்பார், பாட்டுப் புத்தகங்களை அடுக்குவார், மின்விசிறிகளை நிறுத்திவிட்டு அவை சுழன்று அடங்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். இதையெல்லாம் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராக எடுத்துக்கொண்ட வேலை, அதனால் அவரிடமிருந்து யாரும் பிடுங்கவும் முடியவில்லை. வெளியே மரத்தடியில் கைப்பையோடு நிற்கும் அம்மா, "ஏங்க, மணியப் பாருங்க" என்று இழுப்பாள். அப்பாவிடம் ஒரே பதில்தான் உண்டு: "கோயில்லேர்ந்து கடைசியா வெளிய வரணும். சினிமாக்குக் கடைசியா உள்ள போனா போதும்."

அம்மாவுக்கோ தொடக்கம் தெரியாமல் ஒரு படத்தையும் பார்க்கத் தெரியாது. யார் யாருக்கு என்ன உறவு, இவன் நல்லவனா கெட்டவனா, இவள் ஏன் வெள்ளைப் புடவையில் இருக்கிறாள் என்று உட்கார்ந்த நொடியிலிருந்து கேட்க ஆரம்பித்துவிடுவாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா குரலைத் தாழ்த்தி, "பாத்துக்கிட்டே இரு, தானா தெரியும்" என்பார். தானாகத் தெரிவதற்குள் இடைவேளை வந்துவிடும். எனக்கோ வேறு ஏக்கம். வெள்ளைத் திரையில் ஒன்றுமே இல்லாமல் இருந்து, அதில் முதல் உருவம் தோன்றும் அந்த நொடியை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மற்றப் பிள்ளைகள் சைக்கிள் கேட்டார்கள், பொம்மை கேட்டார்கள். நான் மாதாவிடம் முழந்தாளிட்டு முதல் காட்சி கேட்டேன்.

மாதா அனுப்பிவைத்தது ஜமீலாவை.

நாங்கள் இருந்தது புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி வீட்டில். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மகள் ஜமீலா, என் வயதுக்காரி. பாய்க்குச் சொந்த ஊர் நாகூர்ப் பக்கம். அவரும் சினிமாப் பிரியர்தான், ஆனால் அவர் குடும்பத்துக்குப் படம் சனிக்கிழமை மதியம். கடையைக் கொஞ்ச நேரம் சாத்திவிட்டு, அரிசி மூட்டை ஏற்றும் வேனில் மனைவியையும் மகளையும் உட்காரவைத்துக்கொண்டு போவார். அவருக்கிருந்த சிக்கல் எங்களுடையதற்கு நேர் எதிர். சாயங்காலம் ஜூரோங்கிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள் எங்கள் புளோக் வாசலில் நிற்கும்போது கடை திறந்திருக்க வேண்டும். அதனால் படத்தில் கதாநாயகி விஷக் கோப்பையைக் கையில் எடுத்திருந்தாலும் சரி, கதாநாயகன் நீதிமன்றக் கூண்டில் நின்றாலும் சரி, குறித்த நேரத்தில் பாய் எழுந்துவிடுவார். "போதும் வாங்க, மிச்சத்த யாராச்சும் சொல்லுவாங்க" என்பாராம். ஜமீலா எந்தப் படத்திலும் முடிவைப் பார்த்ததில்லை.

தொடக்கம் இல்லாத ஒருத்தியும் முடிவு இல்லாத ஒருத்தியும் ஒரே புளோக்கில் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நான் கோவிலில் மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்ததும், கீழ்த்தளத்துச் சிமெண்டு மேசையில் ஜமீலா எனக்குப் படத்தின் முதல் காட்சியைச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவளுக்குக் கடைசிக் காட்சியைச் சொல்வேன். மீன் வாங்கும் பெண்கள் பேச்சில் கேட்டதை வைத்து அதற்குத் "தலை" என்றும் "வால்" என்றும் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். "தலை கொண்டாந்தியா?" என்று நான் கேட்பேன். "நாளைக்கு வால் ஒழுங்கா கொண்டா, போன வாரம் மாதிரி பாதிய முழுங்கிடாத லா" என்பாள் அவள்.

அவள் சொல்லும் விதம் இருக்கிறதே, அதை எழுதிக் காட்ட என்னால் முடியாது. மேசைமேல் ஏறி உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முதலில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். பிறகு மெல்ல, "இருட்டு. ஒண்ணுமே தெரியல. ஒரு மணிச் சத்தம் மட்டும் கேக்குது" என்று தொடங்குவாள். மணி கோவில் மணியா, மாட்டு மணியா, பள்ளி மணியா என்பதை உடனே சொல்லிவிட மாட்டாள். நான் தவிப்பதைப் பார்த்து அனுபவித்துவிட்டுத்தான் சொல்வாள். ஒரு முதல் காட்சிக்கு என்ன வேண்டும் என்று இன்றைக்குப் பெரிய பெரிய இயக்குநர்கள் மேடையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்கிறேன். அவர்கள் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் எனக்கு அது எல்லாமே அந்தச் சிமெண்டு மேசையில் அப்போதே தெரிந்துபோன விஷயம். பார்க்கிறவருக்கு ஒரு கேள்வியைக் கொடுக்க வேண்டும், பதிலைக் கொஞ்சம் தாமதப்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தலையை இரவெல்லாம் சிந்தாமல் வைத்திருந்து, மறுநாள் பூசை முடிந்து, அப்பா விசிறிகளை அணைத்து, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வீட்டாருக்கு நான் சொல்வேன். எங்கள் குடும்பத்துக்குப் படம் பஸ்ஸிலேயே தொடங்கிவிடும். அப்பா டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டு, "ம், ஸ்டெல்லா, ஆரம்பத்தப் போடு" என்பார். அம்மா கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வாள். முன்சீட்டில் இருக்கும் தமிழ்க்காரர் யாராவது காதைத் தீட்டிக்கொள்வார். திரையரங்குக்குள் நுழையும்போது அம்மாவுக்கு எல்லாரையும் தெரிந்திருக்கும். "அதோ, அவந்தான தம்பிக்காரன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு உட்கார்வாள். அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு உண்டென்று நானும் நிமிர்ந்து உட்கார்வேன்.

அந்தத் தலைகளிலேயே அம்மாவின் மனத்தை அடியோடு பிடித்தது கால் ஊனமான ஓர் ஆசிரியரைப் பற்றிய படத்தின் தலை. ஜமீலா அதை இப்படிச் சொன்னாள். கொட்டுகிற மழை. ரயில் தண்டவாளம். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சின்னப் பெண் கத்துகிறாள், அவளுடைய ஆட்டுக்குட்டியின் கால் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டுவிட்டது. தூரத்தில் ரயிலின் வெளிச்சம். குடை பிடித்து நடந்து போகும் ஓர் இளைஞன் திரும்பிப் பார்க்கிறான். குடை காற்றில் பறக்கிறது. ரயில் கடந்து போகிறது. மழை மட்டும் பெய்கிறது. பிறகு சேற்றில் கிடக்கும் அவன் கையிலிருந்து ஆட்டுக்குட்டி ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து நிற்கிறது, அவன் எழுந்திருக்கவில்லை. அந்த இடத்தில் எழுத்துப் போடுகிறார்கள் என்று ஜமீலா முடித்தாள். மறுநாள் பஸ்ஸில் நான் சொன்னபோது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அன்றைக்குப் படம் முழுவதும், அந்த ஆசிரியர் காலை இழுத்து இழுத்து நடக்கும்போதெல்லாம், "பாவம், அந்த ஆட்டுக்குட்டிக்காக" என்று பெருமூச்சு விட்டாள். அடுத்தடுத்த வாரங்களில் கோவில் மரத்தடியில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் அந்த மழையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல மழை வலுத்தது.

மறு வருடம் தீபாவளி விடுமுறைக்கு அதே படத்தைத் திரும்பப் போட்டார்கள். ஞாயிறு அல்ல, வார நாள், பூசை கிடையாது. அணைக்க மெழுகுவர்த்தியும் கிடையாது. அம்மா அன்று காலையே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இன்னிக்கி நேரத்தோட போறோம். அந்த மழைய நான் ஒரு தடவ கண்ணால பாக்கணும்." கையோடு கீழே இறங்கிப்போய்ப் பாயின் மனைவியையும் சம்மதிக்க வைத்தாள். வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் தீபாவளி வீடுகளுக்குப் போய்விட்டதால் பாயும் முழு நாளும் கடையைச் சாத்தத் துணிந்தார். என் மாதா எனக்கு முதல் காட்சியையும் ஜமீலாவுக்குக் கடைசிக் காட்சியையும் ஒரே டிக்கெட்டில் கொடுத்துவிட்டாள் என்று நான் குதித்தேன். ஜமீலா குதிக்கவில்லை. "ஆன்ட்டி, அதான் பாத்த படமாச்சே. புதுப் படம் ஒண்ணு ஓடுது, அதுக்குப் போலாமே" என்றாள். அம்மா அசையவில்லை. "எனக்குத் தலைய வலிக்குது" என்றாள் ஜமீலா தன் தாயிடம். அவள் தாய் தைலத்தைத் தேய்த்துவிட்டு, வா என்று கையைப் பிடித்து வேனில் ஏற்றினாள். ஊரெல்லாம் பட்டுச் சட்டையில் சிரித்துக்கொண்டு போக, அவள் மட்டும் பல் மருத்துவரிடம் போகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். படம் பார்த்தாலே தலைவலி வரும் வயது வந்துவிட்டதோ என்று நான் நினைத்தேன்.

நாங்கள் திரைச்சீலையை விலக்கியபோது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தனை வருடம் போய்வந்த இடத்தில், உட்காருமுன்பே இருக்கைகளின் பச்சை நிறத்தை நான் பார்த்தது அன்றுதான். பாச்சிக் எங்களைப் பார்த்துத் திகைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, டார்ச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தார். "பெலும், பெலும்" என்றார். இன்னும் தொடங்கவில்லையாம். அப்பா கச்சாங் பூத்தே பொட்டலங்களை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் குளிர்சாதனம் வந்தபின் கூரையில் சும்மா தொங்கிய விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஜமீலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக மங்கின. துணிக்கடை விளம்பரப் படங்கள் வந்து போயின. பிறகு ஒன்றுமே இல்லாத வெள்ளைத் திரை. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, அவ்வளவு சந்தோஷம். வலது கையால் ஜமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை நனைந்து போயிருந்தது.

விடிகாலைத் தெரு ஒன்று தோன்றியது. மழை இல்லை. ரயில் இல்லை. ஆடு இல்லவே இல்லை. தெருக் கோடியிலிருந்து அந்த ஆசிரியர் காலை இழுத்துக்கொண்டு நடந்து வருகிறார். வழியில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. அதைத் தாண்டிப் போகிறார், நிற்கிறார், திரும்பி வருகிறார். அந்தக் காலோடு குனிவது அவருக்குச் சிரமம். ஒரு கையை முழங்காலில் ஊன்றி மெல்லக் குனிந்து செருப்பை எடுத்து, தேடி வருகிறவர்கள் கண்ணில் படும்படி பக்கத்துச் சுவரின் மேல் வைத்துவிட்டு நடந்து போய்விடுகிறார். எழுத்துப் போட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான்.

"இப்ப வரும் மழ" என்றாள் அம்மா. எழுத்து முடிந்து பள்ளிக்கூடம் வந்தது. "மழ எங்கடி?" என்றாள் என் பக்கம் சாய்ந்து. நான் ஜமீலாவைப் பார்த்தேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், உதடு மட்டும் அசைய, "ஏய் ஸ்டெல்லா, கோவிச்சுக்காத. நாங்களும் எப்பவும் லேட்டுத்தான்" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. கடை வாசலில் ஓர் ஆள் நின்றால்கூட பாய் ஷட்டரை இறக்க மாட்டாராம். கடைசி ஆள் போனபின் தொழுகை, தொழுகைக்குப் பின் வேனில் இருக்கும் மூட்டைகளை இறக்க வேண்டும். அவர்களையும் பாச்சிக் டார்ச் அடித்துத்தான் உட்காரவைத்திருக்கிறார். நான் அந்த நேரத்தில் மறைக்கல்வி வகுப்பில் இருந்ததால் அவர்கள் எப்போது கிளம்பினார்கள் என்பதைப் பார்த்ததே இல்லை. "அப்ப நீ சொன்ன தலையெல்லாம்?" என்றேன். "நடுவுல பாத்தத வச்சு நானே சொன்னது. ஒண்ணும் கொண்டாரலன்னா நீ வால் குடுக்க மாட்டியே" என்றாள். ஆட்டுக்குட்டியும் மணிச் சத்தமும் பஸ்ஸில் அழுத அம்மாவும் என் கண்முன் வரிசையாக வந்தார்கள். வரவேண்டிய கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது. ஒருமுறை வந்த சிரிப்பு நிற்கவில்லை. பாவாடை நுனியை வாயில் அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை. அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். முன்வரிசை முழுவதும் திரும்பி எங்களை "உஷ்" என்றது.

அம்மா மட்டும் மழைக்காகக் காத்திருந்தாள். கடைசியில் அப்பாதான் எங்களைக் காப்பாற்றினார், தெரியாமல். "சென்சார்ல வெட்டியிருப்பான்" என்றார். "இருக்குறதுலயே நல்ல சீனப் போய் வெட்டியிருக்கானே" என்று அம்மா படம் முடியும்வரை பொருமிக்கொண்டிருந்தாள். "அது இல்லன்னா அந்த மனுஷன் கால் எப்படிப் போச்சுன்னு பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்விதான். படத்தில் அதை யாரும் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

பாய் அன்று எழுந்திருக்கவில்லை. ஜமீலா தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வாலைப் பார்த்தாள். விளக்கு எரிந்ததும் என்னிடம் திரும்பி, "நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு" என்றாள். அதில் கொஞ்சம் குறையும் இருந்தது. நான் ஒன்றையும் சேர்க்காமல் சொன்னது அவளுக்கு ஏமாற்றம்தான் போல.

அடுத்த சனிக்கிழமை சிமெண்டு மேசையில் அவள் ஏறி உட்காரவில்லை. பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தலை எங்க?" என்றேன். "அதான் தெரிஞ்சுபோச்சே" என்றாள். "தெரிஞ்சா என்ன, சொல்லு. நாளைக்கு அப்பா பஸ்ல கேப்பாரு லா" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேசைமேல் ஏறி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். நான் இருட்டுக்குக் காத்திருந்தேன்.

எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வீடியோ வந்தது. யார் தாமதமாக உட்கார்ந்தாலும் நாடாவை முதலுக்கே ஓட்டிவிடலாம் என்றானபின் எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தத் திரையரங்கு இன்று இல்லை, பாச்சிக்கும் இல்லை. வறுகடலைப் பொட்டலம் கட்டித் தருகிறவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விசிறிகள் அடங்கும்வரை காத்து நின்ற என் அப்பாவும், ஆள் நிற்கும்போது ஷட்டரை இறக்காத பாயும் அவரவர் நேரத்தில் போய்விட்டார்கள். கிளமெண்டியில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு அந்த மழையை வெட்டியவன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. உண்மையை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இத்தனை வருடம் கழித்து யோசித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தெருவில் கிடந்த செருப்புக்காகத் திரும்பி வந்த மனிதரும், ஆட்டுக்குட்டிக்காகத் தண்டவாளத்தில் குதித்தவனும் ஒரே ஆள்தான். நடுவை மட்டும் பார்த்த ஒரு சிறுமி அந்த ஆள் யாரென்று சரியாகக் கண்டுபிடித்து, அவருக்கு ஏற்ற ஒரு தொடக்கத்தைத் தன் கையால் செய்து கொடுத்திருக்கிறாள்.

ஜமீலா இப்போது ஜூரோங்கில் இருக்கிறாள். மாதம் ஒரு படமாவது சேர்ந்து பார்க்கிறோம். யாரும் எங்களைத் தாமதப்படுத்துவதில்லை. டிக்கெட் கைபேசியில் இருக்கிறது, இருக்கை எண் இருக்கிறது, விளம்பரங்கள் முடியவே வெகு நேரம் ஆகிறது. டார்ச் வெளிச்சம் யார் காலடியிலும் விழுவதில்லை. போன வாரம்கூட அப்படித்தான், முதல் ஆட்களாகப் போய் உட்கார்ந்திருந்தோம். விளக்குகள் அணைந்தன. திரையில் ஒரு பெண் ரயில் நிலையத்தில் பெட்டியோடு தனியே நின்றாள். நான் ஒவ்வொரு அசைவையும் விழுங்குகிற ஆவலோடு பார்க்கத் தொடங்கியபோது, ஜமீலா என் தோளைத் தொட்டு, காதருகே சாய்ந்தாள்.

"இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு தெரியுமா?" என்றாள். "இருட்டு. ஒண்ணுமே தெரியல."

நான் திரையை விட்டுக் கண்ணை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.